சோறு வடித்ததற்குச் சான்று எங்கே? கொரிய விடுதலைப் போராட்டப் பெண்களும் அரசு அங்கீகாரமும்: ஓர் எளிய விளக்கம்

ஒரு குடும்பத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன். ஓ க்வாங் சோன் என்பவர் மஞ்சூரியாவில், அதாவது இன்றைய வடகிழக்குச் சீனாவில், கொரிய விடுதலைப் படையில் இருந்தவர். அவருடைய மனைவி ஜோங் ஹியோன் சுக், அந்தப் படைவீரர்களுக்குச் சோறு வடித்துப் போட்டவர். பெரிய பெரிய கொப்பரைகளில் நாள் முழுக்க அடுப்பெரித்ததால் 'மஞ்சூரியாவின் தாய்' என்று அவரை அழைத்தார்கள். மகள்கள் ஓ ஹீ யோங், ஓ ஹீ ஓக் இருவரும் பதின்வயதிலேயே சீனாவில் கொரிய இளைஞர் அணியில் சேர்ந்து வேலை செய்தவர்கள். நான்கு பேரும் ஒரே போராட்டத்தில் இருந்தார்கள், ஒரே பட்டினியைப் பார்த்தார்கள்.

தென் கொரிய அரசு அவர்களுக்குப் பதக்கம் கொடுத்த ஆண்டுகளைப் பாருங்கள். தந்தைக்கு 1962. மகள்களுக்கு 1990. தாய்க்கு 1995. அந்தத் தாய் 1992 வரை உயிரோடு இருந்தார். பதக்கம் வந்தபோது அவர் இல்லை.

தந்தைக்குக் கிடைத்தது மூன்றாம் நிலை. மற்ற மூவருக்கும் ஐந்தாம் நிலை. 33 ஆண்டு இடைவெளியும் இரண்டு படி வேறுபாடும் ஏன் வந்தன என்று கேட்டால், யாரோ ஓர் அதிகாரி வன்மத்தோடு செய்தார் என்று சொல்லிவிட முடியாது. 'விடுதலைப் போராட்டம்' என்று அரசு எதை எண்ணியது, எதைச் சான்றாக ஏற்றது என்பதில்தான் விடை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள முதலில் கொஞ்சம் பின்னணி.

பின்னணி, சுருக்கமாக

1905 நவம்பர் 17 அன்று ஜப்பான் ஓர் ஒப்பந்தத்தைத் திணித்துக் கொரியாவின் வெளியுறவு உரிமையைப் பறித்தது. 1910 ஆகஸ்டில் நாட்டையே தன்னோடு இணைத்துக்கொண்டது. 1945 ஆகஸ்ட் 15 வரை, 35 ஆண்டுகள் அந்த ஆட்சி நீடித்தது. 1919 மார்ச் 1 அன்று சியோலில் விடுதலை அறிக்கை வாசிக்கப்பட, நாடு முழுக்க மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த மாதமே ஷாங்காயில் கொரியத் தற்காலிக அரசு அமைந்தது. 1940-இல் அது சோங்சிங் நகரில் விடுதலைப் படையை நிறுவியது. இதற்கிடையே மஞ்சூரியாவிலும் ரஷ்யாவின் தூரக் கிழக்கிலும் ஆயிரக்கணக்கான கொரியக் குடும்பங்கள் குடியேறின. நிலத்தைத் திருத்தி, பள்ளி கட்டி, படை திரட்டின.

'குடும்பங்கள்' என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண் மட்டும் துப்பாக்கியோடு எல்லை தாண்டிய கதையாக இதைச் சொல்வது பாதிக் கதைதான். வீடு முழுவதும் பெயர்ந்து போனது.

விருது எப்படி இயங்குகிறது

விடுதலைக்குப் பங்காற்றியவரைக் கொரியாவில் 'தோங்னிப் யுகோங்ஜா' என்கிறார்கள். சட்டம் இவர்களை இரு வகையாகப் பிரிக்கிறது. போராட்டத்திலேயே உயிர்விட்டவர்கள் ஒரு வகை. போராட்டத்தில் பங்கேற்ற மற்றவர்கள் இன்னொரு வகை. இருவரையும் தேர்ந்தெடுப்பது, தமிழில் 'நாட்டுத் தொண்டர் நலத்துறை' என்று சொல்லத்தக்க ஓர் அரசுத் துறை. அதன் கொரியப் பெயரில் உள்ள 'போஹுன்' என்ற சொல்லுக்கு, செய்த தொண்டுக்குக் கைம்மாறு செய்தல் என்று பொருள். 2023-இல் அது முழு அமைச்சகமாக உயர்த்தப்பட்டது.

தரப்படும் முக்கிய விருதின் பெயரை 'நாட்டு நிறுவல் விருது' என்று தமிழாக்கலாம். அதில் ஐந்து நிலைகள். முதல் நிலை கொரியக் குடியரசுப் பதக்கம். இரண்டாவது அதிபர் பதக்கம். மூன்றாவது விடுதலைப் பதக்கம். நான்காவதும் ஐந்தாவதும் நாட்டன்பு, இன அன்பு என்று பொருள்படும் 'ஏகுக்', 'ஏஜோக்' பதக்கங்கள். இவற்றுக்குக் கீழே ஒரு சிறு பதக்கமும், அதற்கும் கீழே அதிபரின் பாராட்டுச் சான்றும் உண்டு. தொடக்கத்தில் மூன்று நிலைகளே இருந்தன. கடைசி இரண்டும் 1990-இல் சேர்க்கப்பட்டவை. பட்டியலில் 1990 என்ற ஆண்டு அடிக்கடி தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விருதோடு பணமும் வரும். வாழ்பவருக்கு அல்லது வாரிசுக்கு நிலைக்கேற்ற மாதத் தொகை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, இறந்தவருக்குத் தேசியக் கல்லறையில் இடம். ஆகவே நிலை என்பது வெறும் மரியாதைக் கணக்கு மட்டுமில்லை. ஆண்டுக்கு மூன்று நாள்களில் பட்டியல் வெளியாகும்: மார்ச் 1, ஆகஸ்ட் 15, பிறகு 1905 ஒப்பந்தத்தின் நினைவாகத் தியாகிகள் நாளாக வைத்த நவம்பர் 17.

இந்த ஏற்பாடு 1949-இல் தொடங்கியது. அந்த ஆண்டு விருது பெற்றவர்கள் இருவர் மட்டுமே: அதிபர் சிங்மன் ரீ, துணை அதிபர் யி சி யோங். உண்மையான தொடக்கம் 1962-இல்தான். அந்த ஆண்டுப் பட்டியலில் சில பெண்கள் இடம்பெற்றார்கள். அவர்கள் யார் என்று பார்த்தாலே அரசின் அளவுகோல் விளங்கிவிடும்.

1962-இல் கண்ணில் பட்டவர்கள்

நாம் ஜா ஹியோன். கணவர் 1896-இல் ஜப்பானியருக்கு எதிரான மக்கள் படையில் இருந்து கொல்லப்பட்டார். மகனை வளர்த்து ஆளாக்கிவிட்டு, 1919-இல் தன் 47-ஆவது வயதையொட்டி மஞ்சூரியா போனார். 1932-இல் உலக நாடுகள் சங்கத்தின் விசாரணைக் குழு மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு வந்தபோது, தன் விரலை வெட்டி 'கொரியா விடுதலை வேண்டுகிறது' என்று இரத்தத்தால் துணியில் எழுதினார். எழுதிய துணியோடு வெட்டிய விரலையும் சேர்த்து அந்தக் குழுவுக்கு அனுப்ப முயன்றார். அடுத்த ஆண்டு ஜப்பானியத் தூதரைக் கொல்லத் திட்டமிட்டுப் பிடிபட்டார். சிறையில் உண்ணாமல் கிடந்து, வெளியே வந்ததும் ஹார்பினில் இறந்தார்.

ஆன் கியோங் சின். 1920-இல் பியோங்யாங்கில் காவல் அலுவலகத்தின் மீது குண்டு வீசிய குழுவில் இருந்தவர். அப்போது அவர் கருவுற்றிருந்தார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது பத்தாண்டாகக் குறைந்தது.

கிம் மரியா. 1919 பிப்ரவரியில் தோக்கியோ கொரிய மாணவர்களின் விடுதலை அறிக்கையை, ஜப்பானியப் பெண்ணைப் போல கிமோனோ உடுத்தி, அதன் இடுப்புக் கச்சையில் மறைத்துக் கொரியாவுக்குக் கொண்டுவந்தவர். பின்னர் தேசபக்த மகளிர் சங்கத்தின் தலைவியாகிச் சிறைப்பட்டார். சித்திரவதையின் நோவு சாகும்வரை அவரை விடவில்லை.

பிறகு யூ க்வான் சுன். மார்ச் 1 இயக்கம் என்றதும் கொரியக் குழந்தைகளுக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர். சியோலில் இஹ்வா பெண்கள் பள்ளி மாணவி. பள்ளி மூடப்பட்டதும் ஊர் திரும்பி, 1919 ஏப்ரல் 1 அன்று ஆவுனே சந்தையில் மக்களைத் திரட்டினார். அங்கேயே அவருடைய பெற்றோர் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர் 1920 செப்டம்பரில் சோதேமுன் சிறையில் இறந்தபோது வயது 17.

குண்டு, இரத்தம், சங்கத் தலைமை, சிறைச் சாவு. எதிரியின் நீதிமன்றத் தீர்ப்பிலும் செய்தித்தாளிலும் பதிவானவை மட்டுமே அரசின் கண்ணில் பட்டன. இந்தப் பெண்களின் தகுதியில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் இப்படிப் பதிவாகாத ஆயிரக்கணக்கான பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

'பின்னால் நின்று பார்ப்பது'

கொரிய மொழியில் 'த்வித்பராஜி' என்றொரு சொல் உண்டு. ஒருவர் தன் காரியத்தில் முழுதாக இறங்குவதற்காக, இன்னொருவர் பின்னால் நின்று சோறு, துணி, பணம், பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது. சிறையில் இருப்பவருக்கு உடையும் உணவும் கொண்டுபோய்க் கொடுப்பதற்குத் தனியாகவே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். விடுதலைப் போரின் பெரும்பகுதி இந்த இரண்டு சொற்களுக்குள்தான் நடந்தது என்பது என் எண்ணம்.

தென் கொரியாவின் ஆன்தோங் நகரில் இம்சோங்காக் என்ற பழைய பெருவீடு இன்றும் நிற்கிறது. அந்த வீட்டுத் தலைவர் யி சாங் ர்யோங் 1911 தொடக்கத்தில் குடும்பத்தோடு மஞ்சூரியா போனார். 1925-இல் தற்காலிக அரசின் தலைவரானார். அவருக்கு 1962-இல் பதக்கம் கிடைத்தது. அவரோடு போன மனைவி கிம் உ ராக். பிறகு அந்த வீட்டுக்குப் பேரனின் மனைவியாக வந்தவர் ஹோ உன். எட்டு வயதில் பெற்றோருடன் மஞ்சூரியா போய், 1922-இல் திருமணமாகி வந்த சிறுமி அவர். வீட்டில் கூட்டங்கள் ஓயாமல் நடக்கும். வந்தவர்களுக்கெல்லாம் அவர் சமைத்தார். படைவீரர்களுக்குச் சீருடை தைத்தார். தனக்கு உடுத்த நல்ல துணியில்லாத குளிரில், ஊசியும் நூலுமாக ஒரு படைக்கு உடை கொடுத்தார்.

இதற்கு எந்த நீதிமன்றத்தில் தீர்ப்பு இருக்கும்? சமைத்ததற்காக அவரை யாரும் கைது செய்யவில்லை. தைத்ததற்காக யாரும் கைரேகை எடுக்கவில்லை. முதுமையில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நினைவுகள் 1995-இல் நூலாக வந்தன. 1997-இல் அவர் காலமானார். ஐந்தாம் நிலைப் பதக்கம் 2018-இல் வந்தது. கிம் உ ராக்குக்கு 2019-இல்.

யி உன் சுக் கதையும் இதே சாயல்தான். கணவர் யி ஹோ யோங் சியோலில் பெருஞ்செல்வக் குடும்பத்தவர். 1910-இல் உடன்பிறந்தார் ஆறு பேரும் சொத்தை விற்று மஞ்சூரியாவில் படைப்பள்ளி தொடங்கினார்கள். பணம் கரைந்தது. மனைவி சியோலுக்குத் திரும்பி, அடுத்தவர் துணியைத் துவைத்தும் தைத்தும் கிடைத்த காசைப் பெய்ஜிங்கில் இருந்த கணவருக்கு அனுப்பினார். கணவருக்கு 1962, மனைவிக்கு 2018.

பதிவேடு ஏன் பெண்களைக் கைவிட்டது

இதுவரை சொன்னது ஒரு காரணம்: வேலை கண்ணுக்குத் தெரியாத வேலை. இன்னும் சில காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. பதக்கமோ சான்றோ பெறக் குறைந்தது மூன்று மாதமாவது சிறையில் இருந்திருக்க வேண்டும். நியாயமான அளவுகோல் போலத் தெரியும். ஆனால் 1920 மார்ச் 1 அன்று, முதலாண்டு நினைவாகப் பள்ளிக்குப் பின்னாலிருந்த குன்றில் ஏறி விடுதலை முழக்கமிட்ட பைஹ்வா பள்ளிச் சிறுமிகளை நினைத்துப் பாருங்கள். பிடித்தார்கள், விசாரித்தார்கள், தண்டனை எழுதினார்கள், நிறுத்திவைத்தார்கள். சிறைக் கணக்கில் மூன்று மாதம் சேரவில்லை. அந்தச் சிறுமிகளில் ஆறு பேருக்கு அதிபர் பாராட்டு கிடைத்தபோது 98 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அடுத்தது பெயர். இது எனக்கு மிகவும் வலிக்கிற இடம். அக்காலப் பெண்களில் பலருக்குப் பதிவேட்டில் பெயரே இருக்காது. 'கிம் குலத்துப் பெண்', 'இன்னார் மனைவி' என்றுதான் இருக்கும். பெயர் இருந்தவர்களுக்கோ மூன்று நான்கு இருக்கும்: வீட்டில் கூப்பிட்டது, ஞானஸ்நானத்தில் வைத்தது, தலைமறைவில் வைத்துக்கொண்டது. கொரியாவில் திருமணமான பெண் தன் குலப்பெயரை மாற்றுவதில்லை. ஆனால் கிறித்தவ மிஷன் வழக்கப்படி மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் பட்டம் பெற்று இஹ்வா பள்ளியில் கற்பித்த ஹா ரான் சா அப்படி ஒருவர். பிறந்த குலம் கிம், 'ஹா' கணவருடையது, 'ரான் சா' என்பது நான்சி என்ற ஞானப்பெயரின் கொரிய ஒலி. 1995-இல் பதக்கம் வந்தபோது கணவரின் குலப்பெயரோடுதான் வந்தது. கிம் ரான் சா என்றே அழைக்க வேண்டும் என்று உறவினர் பின்னர் வாதாடினார்கள். மூன்று ஆவணத்தில் மூன்று பெயர் இருந்தால், மூன்றும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில் விழும்? விண்ணப்பிப்பவர் தலையில்.

விண்ணப்பிக்க வேண்டுமென்றால் வாரிசு வேண்டும். இளவயதில் இறந்தவர்கள், திருமணமே செய்யாதவர்கள், சித்திரவதையால் பிள்ளை பெற முடியாமல் போனவர்கள் என்று இருந்த பெண்களுக்காக யார் காகிதம் தேடி அலைவது? கணவனும் மனைவியும் சேர்ந்து போராடிய வீடுகளிலும் பிள்ளைகள் முதலில் தந்தைக்காகவே விண்ணப்பித்தார்கள்.

அரசியலும் குறுக்கே நின்றது. நாடு இரண்டாகி, 1950-இல் போரும் மூண்டபின், தெற்கில் இடதுசாரிகளின் பெயரைச் சொல்வதே ஆபத்தானது. 2005-ஐ ஒட்டித்தான் அரசு அந்தக் கதவைத் திறந்தது. பெண்களில் பலர் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றவர்கள். 1918-இல் கபரோவ்ஸ்க்கில் சுட்டுக் கொல்லப்பட்ட கிம் அலெக்சாந்த்ராவுக்கு 2009-இல் பதக்கம். மாஸ்கோவில் படித்து, கசக்ஸ்தானுக்கு நாடுகடத்தப்பட்டு, 1953-இல் மகளைப் பார்க்கப் போன இடத்தில் இறந்த ஜூ சே ஜுக்குக்கு 2007-இல். அவர் கணவர் பாக் ஹோன் யோங் வடக்கில் உயர் பதவி வகித்தவர் என்பதால் இன்றுவரை பட்டியலில் இல்லை. பாக் சா ஜோங்கின் கதையிலும் இதே முரண். 1939-இல் சீனாவின் குன்லுன் மலைப் பகுதியில் நடந்த சண்டையில் காயப்பட்டு, அந்த நோவோடே 1944-இல் இறந்தவர் அவர். 1995-இல் மூன்றாம் நிலைப் பதக்கம். அவருடைய கணவர் கிம் வோன் போங் ஆயுதப் போராட்டத்தின் மிகப் பெரிய தலைவர்களுள் ஒருவர். வடக்குக்குப் போனதால் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

எதிரி எழுதி வைத்த சான்று

ஆன்தோங் பகுதியிலேயே இன்னொரு பெண், கிம் ராக். மேலே சொன்ன கிம் உ ராக்கின் தங்கை. மாமனார் யி மான் தோ 1910-இல் நாடு பறிபோன செய்தி கேட்டு உண்ணாமல் இருந்தே உயிர் விட்டவர். 1919-இல் யேயான் ஊரில் நடந்த மக்கள் எழுச்சியில் கிம் ராக் பிடிபட்டார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விசாரணையின் சித்திரவதையில் இரு கண்களும் போயின. பார்வையின்றியே பத்தாண்டு வாழ்ந்து 1929-இல் இறந்தார்.

மாமனார் 1962-இலேயே பட்டியலில் ஏறிவிட்டார். மருமகள் ஏறியது 2001-இல். எது அவரை ஏற்றியது தெரியுமா? ஜப்பானியக் காவல்துறை 1934-இல் தொகுத்த ஓர் உளவு அறிக்கை. அந்தக் குடும்பம் ஏன் இவ்வளவு பகையோடு இருக்கிறது என்று விளக்கும் இடத்தில், இந்த வீட்டு மருமகள் விசாரணையில் கண்ணிழந்தாள் என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். அந்த வரிகளை எழுதிய அதிகாரி அவருக்கு நியாயம் செய்ய நினைத்திருக்க மாட்டான். ஆனால் ஊராரும் உறவினரும் வாய்மொழியாகச் சொல்லி வந்தது செல்லாமல் கிடக்க, கண்ணைப் பறித்தவர்களின் காகிதமே செல்லுபடியானது. சான்று என்ற ஏற்பாடு எங்கே சாய்ந்து நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கூலிக்குப் போராடியது விடுதலைப் போராட்டமா?

அளவுகோலில் இன்னொரு சிக்கல், 'விடுதலைப் போராட்டம்' என்பதன் எல்லை. 1931 மே மாதம் பியோங்யாங்கில் ரப்பர் காலணித் தொழிற்சாலை கூலியைக் குறைத்தது. தொழிலாளி காங் ஜு ர்யோங் இரவோடு இரவாக ஊல்மில்தே மண்டபத்தின் கூரை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். தரையிலிருந்து 12 மீட்டர் உயரம். விடிந்ததும் கூடிய மக்களிடம் அங்கிருந்தே பேசினார். உயரத்தில் ஏறிப் போராடும் முறைக்குக் கொரியாவில் அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள். 1932 ஜனவரியில் ஜேஜு தீவில், மூச்சடக்கிக் கடலடியில் சிப்பியும் பாசியும் எடுக்கும் 'ஹேன்யோ' பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, தங்கள் விளைச்சலை அடிமாட்டு விலைக்கு வாங்கிய, ஜப்பானிய அதிகாரியின் பிடியில் இருந்த சங்கத்தை எதிர்த்தார்கள். தலைமை தாங்கியவர்கள் ஊர் இரவுப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்ற இளம்பெண்கள்.

இவை கூலிப் பிரச்சினைதானே என்று ஒதுக்க முடியும், நெடுங்காலம் ஒதுக்கினார்கள். ஆனால் விலையை நிர்ணயித்ததும், கூலியைக் குறைத்தவர்களுக்குக் காவல்துறையை அனுப்பிக் கொடுத்ததும் அதே குடியேற்ற அரசு. வயிற்றில் அடித்த கையும் நாட்டைப் பறித்த கையும் ஒன்றாக இருக்கும்போது, எதிர்ப்பை இரண்டாகப் பிரிப்பது எப்படி? அரசும் மெல்ல மெல்ல இதை ஏற்றது. ஹேன்யோ தலைவிகளில் பு சுன் ஹ்வா, கிம் ஓக் ர்யோன் இருவருக்கும் 2003-இல், பு தோக் ர்யாங்குக்கு 2005-இல், காங் ஜு ர்யோங்குக்கு 2007-இல் அங்கீகாரம் வந்தது.

2018: அளவுகோல் மாறியது

இந்தக் கதையின் திருப்பம் 2018. மூன்று மாதச் சிறை என்ற விதி நீக்கப்பட்டது. போராட்டத்தில் பங்கேற்றது தெளிவாகத் தெரிந்தால் சிறைக் கணக்கு தேவையில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதும் போராட்டத்தின் விலையாகக் கருதப்படும். பெண்களைப் பொறுத்தவரை இன்னொரு முக்கியமான தளர்வு: அக்காலச் சூழலில் அவர்களைப் பற்றிய அரசுப் பதிவுகள் குறைவு என்பதை ஒப்புக்கொண்டு, நாட்குறிப்பு, நினைவுக் குறிப்பு, சுயசரிதை போன்றவற்றையும் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஹோ உன்னின் வாய்மொழி நினைவுகள் அரசின் கோப்புக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

வாரிசு வரட்டும் என்று காத்திராமல், அரசே ஆய்வாளர்களைக் கொண்டு பெண்களைத் தேடத் தொடங்கியது. ஓராண்டில் 202 பெண்களின் விவரம் திரண்டது. 2018 ஆகஸ்ட் 15 அன்று விருது பெற்ற 177 பேரில் 26 பேர் பெண்கள். அன்றைய அதிபர் மூன் ஜே இன் தம் விடுதலை நாள் உரையில் காங் ஜு ர்யோங்கையும் ஜேஜு ஹேன்யோக்களையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார்.

எண்ணிக்கையில் பார்த்தால், அந்த நாளோடு மொத்தம் 15,052 பேர் பட்டியலில் இருந்தார்கள். அவர்களில் பெண்கள் 325. நூற்றுக்கு இருவர். எழுபது ஆண்டு வேலையின் பலன் அவ்வளவுதான். பிறகு வந்த சில ஆண்டுகளிலேயே பெண்களின் எண்ணிக்கை 600-ஐத் தாண்டிவிட்டது. அந்தப் பெண்கள் புதிதாகப் பிறந்து வந்துவிடவில்லை. தேடும் முறை மாறியதும் அகப்பட்டார்கள்.

அதே 2018 நவம்பரில் ஒரு ஜப்பானியப் பெண்ணுக்கும் நான்காம் நிலைப் பதக்கம் கிடைத்தது. கானேகோ ஃபுமிகோ, கொரியப் புரட்சியாளர் பாக் யோலின் துணைவி. பேரரசரைக் கொல்லச் சதி செய்ததாக இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1926-இல் அவர் சிறையிலேயே இறந்தார். கணவரின் சொந்த ஊரில், கொரிய மண்ணில் புதைக்கப்பட்டிருக்கிறார்.

யூ க்வான் சுன்னின் மூன்றாம் நிலை

பட்டியலில் இடம் கிடைத்தபின்னும் எந்த நிலை என்ற கேள்வி மிஞ்சும். நாடே போற்றும் யூ க்வான் சுன்னுக்கு 1962-இல் கிடைத்தது மூன்றாம் நிலைதான். அதிபர் மலர்வளையம் அனுப்பும் மரபு முதல் இரண்டு நிலையினருக்கு மட்டும். அதனால் பல்லாண்டு காலம் அவருடைய நினைவு நாளில் அதிபரின் மலர்வளையம் இல்லை. இத்தனைக்கும் முதல் நிலை பெற்றிருந்த ஒரே பெண், சீனத் தலைவர் சியாங் காய் ஷேக்கின் மனைவி சூங் மெய்லிங். ஆண்டு 1966. கொரியப் பெண் ஒருவர்கூட அந்த நிலையில் இல்லை.

உயர்த்திவிட வேண்டியதுதானே என்று தோன்றும். விருதுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை: ஒரே செயலுக்கு இருமுறை விருது கூடாது. நிலையை மறுபரிசீலனை செய்யும் வழியும் இல்லை. கடைசியில் அரசு ஒரு சுற்றுவழியைக் கண்டது. 1962 பதக்கம் அவருடைய போராட்டத்துக்காக. புதிய பதக்கம், விடுதலைக்குப் பின் தலைமுறை தலைமுறையாக மக்களுக்கு வரலாற்றுணர்வையும் நாட்டுப்பற்றையும் ஊட்டிய தொண்டுக்காக. அதாவது, இறந்தபின் அவர் பெயர் செய்த வேலைக்கு. 2019 பிப்ரவரி 26 அன்று கிம் கூ நினைவு அருங்காட்சியகத்தில் கூடிய அமைச்சரவை இதை ஏற்றது. மார்ச் 1 இயக்கத்தின் நூற்றாண்டு நாளில் முதல் நிலைப் பதக்கம் வழங்கப்பட்டது.

இந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் ஒருவருக்குச் செய்த இந்த வழியை எல்லோருக்கும் செய்ய முடியாது. நாம் ஜா ஹியோன் இரண்டாம் நிலையில் இருக்கிறார். கிம் மரியா இன்னும் மூன்றில். அண்மைக் காலத்தில் சேர்க்கப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் ஐந்தாம் நிலையிலோ பாராட்டுச் சான்றிலோ நிற்கிறார்கள். சோறும் துணியும் இப்போது கணக்கில் வந்துவிட்டன. துப்பாக்கிக்கு இணையாக எடை போடப்படுகின்றனவா என்றால், இன்னும் இல்லை.

யார் வாங்கிக்கொள்வது?

சோதேமுன் சிறையில் எட்டாம் எண் பெண்கள் அறை இன்று அருங்காட்சியகத்தின் பகுதி. 1919-இல் யூ க்வான் சுன்னோடு அங்கே அடைபட்டிருந்தவர்களில் பலருக்கு அவரளவு புகழ் இல்லை. கேசோங் நகரில் பட்டப்பகலில் விடுதலை அறிக்கையை வீடு வீடாகக் கொடுத்த ஓ யுன் ஹீ இருந்தார். நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து, பிரசவத்துக்கு வெளியே விடப்பட்டு, கைக்குழந்தையோடு திரும்பி வந்த இம் மியோங் ஏ இருந்தார். சூவோன் நகரத்து கிம் ஹ்யாங் ஹ்வாவும் இருந்தார்.

கிம் ஹ்யாங் ஹ்வா ஒரு கிசேங். ஆடல் பாடல் தொழிலாகக் கொண்ட பெண். பிறந்தபோது வைத்த பெயர் சுன் இ. 1919 மார்ச் 29 அன்று கிசேங் பெண்களைக் கட்டாய உடல்நலப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். பழைய அரண்மனை வளாகத்தில் ஜப்பானியர் அமைத்திருந்த மருத்துவமனை அது. வாசலில் நின்று, சுமார் முப்பது பெண்களோடு அவர் விடுதலை முழக்கமிட்டார். அந்தத் தொழில் செய்த பெண்களை ஊர் எப்படிப் பார்த்தது என்று சொல்லத் தேவையில்லை. நினைவுகூரவும் ஆளில்லாமல் போயிற்று. சூவோன் நகரத்து ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைக் கிளறி, தொழிற்பெயருக்குப் பின்னால் இருந்தவரைக் கண்டுபிடித்து, அரசிடம் எடுத்துச் சென்றார்கள். 2009-இல் அதிபர் பாராட்டு வந்தது.

அதை வாங்கிக்கொள்ள வாரிசு யாரும் கிடைக்கவில்லை. சான்று சூவோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்படி உரியவர் கைக்குப் போய்ச் சேராத பதக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், நலத்துறை வாரிசுகளைத் தேடும் பெயர்ப் பட்டியலை இணையத்தில் வெளியிட்டு வைத்திருக்கிறது. பேரப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டு யாராவது வருவார்களா என்று அந்தப் பட்டியல் இன்றும் காத்திருக்கிறது.